தறிக்காரர்கள் காத்த வீடு

பூசணிக்காய் சூப் நல்லது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது தறி மேஸ்திரியிடம் மட்டும்தான். ஆனால் மேஸ்திரியிடம் ஒன்றைச் சொல்வதும் மில் வாசலில் தண்டோரா போடுவதும் ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவள் வீட்டுக்காரரை வண்டியிலிருந்து இறக்கி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைப்பதற்குள் வாசற்படியில் பூசணிக்காய்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. முழுசு, பாதி, கீற்று என்று எல்லா அளவிலும். அவள் சிலதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள், அடுப்படியில் அடுக்கினாள், அப்புறமும் இடம் போதாமல் ஒன்றைக் குளியலறை வாளிக்குள் வைத்தாள். அன்று குளிக்கப் போன யாரோ அதைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்து, "இது எங்க இருக்கணும்?" என்று கேட்டார்கள்.

அவருக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள் இன்னொரு குழாய். மூச்சு அதன் வழியாக. சாப்பாடு மூக்கில் விட்ட வேறொரு குழாய் வழியாக. தண்ணீர் மாதிரி வடிகட்டினால்தான் உள்ளே இறங்கும். இத்தனை பூசணிக்காயும் அந்த மெல்லிய குழாய் வழியாகப் போயாக வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

நர்ஸ் அவளிடம் சொன்னது வேறு.

"அவரால இனிமே கத்திக் கூப்பிட முடியாதும்மா. சளி கட்டினா குழாய் அடைச்சுக்கும். உடனே உள்குழாயைத் திருகிக் கழட்டி, கழுவி மாட்டணும். பயப்படாதீங்க, பழகிடும். ஆனா எந்நேரமும் யாராவது ஒருத்தர் காது கேக்கற தூரத்துல இருக்கணும். கையில ஒரு மணி குடுத்துடுங்க."

அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு, எந்தப் பக்கம் திருகச் சொன்னார் என்பதே மறந்துபோயிற்று. கையால் காற்றில் திருகித் திருகிப் பார்த்தாள். இடப்பக்கமா, வலப்பக்கமா?

மேல் வீட்டு அக்கா தையல்காரி. பரணிலிருந்து ஒரு பழைய சைக்கிள் மணியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அதைக் கட்டில் சட்டத்தில் ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பொருத்தியது இடி. இடி என்பது தறி ஷெட்டில் வைத்த பெயர். அவள் வீட்டுக்காரருக்குப் பக்கத்துத் தறிக்காரர். ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும்.

"தங்கச்சி, இனி உன் வீட்டுக்காரன் சைக்கிள்ல போற மாதிரிதான். கட்டை விரலை அமுக்கினா எல்லாரும் ஒதுங்கி வழி விட்டுடணும்!" என்று முழங்கினார்.

படுத்திருந்தவர் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். ட்ரிங். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தபோது கழுத்துக் குழாயிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மேஸ்திரி நடு வீட்டில் நின்று ஷிப்ட் பிரித்தார். "ஆளில்லாம தறி ஓடுமா? ஓடாது. அதே கணக்குதான் இங்கயும். காலை ஷிப்ட் முடிச்சவன் மத்தியானம் வந்து உக்காரணும். மத்தியானம் முடிச்சவன் ராத்திரிக்கு. ராத்திரி முடிச்சவன் காலையில. வாசல்ல வந்து ஒருத்தன் தோளைத் தொட்டதுக்கு அப்புறம்தான் இன்னொருத்தன் எழுந்திரிக்கணும். ஏம்மா, நீ எதுக்கும் கவலைப்படாதே. நல்லாத் தூங்கு."

அந்தத் தெருவே மில் தெரு. மழைக்காலம். எல்லா வீட்டுச் சுவரும் வியர்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வந்தார்கள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, கைக்கு ஒரு பாத்திரத்தோடு வந்தார்கள். துவைக்க வேண்டிய துணியை அவள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். அடுப்படியை ஒழுங்கு பண்ணினார்கள். உப்பு ஜாடி எங்கே போயிற்று என்று அவள் தன் சொந்த வீட்டில், முன்பின் பேசிப் பழகாத ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டியிருந்தது. "இந்தாங்க" என்று அந்தப் பெண் எடுத்துக் கொடுத்ததை, விருந்துக்கு வந்தவள் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சூப்பை வடிகட்டுவதில்தான் பெரிய சண்டை. டீ வடிகட்டியில் வடித்தால் நார் தங்குகிறது என்று யாரோ சொல்ல, ஷெட்டிலிருந்து ஆளாளுக்குத் துணித்துண்டு கொண்டுவந்தார்கள்.

"இது என்ன நெசவு, சாக்குப்பை மாதிரி? பூசணிக்காய் முழுசாவே உள்ள போயிடும்."

"உன் துணியில தண்ணியே இறங்காது. பட்டுச் சட்டைக்கு வெச்சுக்கோ."

"என் தறித் துணிய்யா அது. ஒரு நூல் பிசகியிருக்கும்? வெளிச்சத்துல தூக்கிப் பாரு."

"பாத்தேன். ரெண்டு இடத்துல அறுந்து ஒட்டியிருக்கே."

படுத்திருந்தவர் கையை உயர்த்தி, விரல்களை என்னவோ செய்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவளுக்கு மட்டும் புரியவில்லை. தறி ஷெட்டுக்குள் சத்தம் அப்படி. வாயில் வந்ததை யாரும் கேட்க முடியாது. விரலாலும் உதட்டசைவாலும்தான் பேச்சு. நூல் தீர்ந்தது, மேஸ்திரி வருகிறார், பசிக்கிறது, அவன் கதை தெரியுமா என்று எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை இருந்தது. அவளும் அதே மில்தான், ஆனால் மடிப்புப் பிரிவு. அங்கே துணி மடிகிற சத்தம்கூடக் கேட்கும். வாயும் ஓயாது. பல வருஷமாக ஒரே வாசல் வழியாக வேலைக்குப் போயும் அவருடைய ஷெட் பாஷை அவளுக்குத் தெரியாது. தேவைப்படவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் காதில் இன்னும் தறி ஓடுகிறது என்று சொல்லிச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவளும் விட்டுவிடுவாள்.

இப்போது ஊருக்கெல்லாம் அவர் பேசினார். அவளுக்குத்தான் ஊமை.

"அண்ணே, என்ன சொன்னாரு?" என்று இடியைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சும்மா, மேஸ்திரியப் பத்தி."

"மேஸ்திரியப் பத்தி என்ன?"

"அது... பொம்பளைங்ககிட்டச் சொல்ற மாதிரி இல்ல."

"வலிக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க."

இடி அவரைப் பார்த்து விரலை ஆட்டினார். அவர் திரும்ப ஆட்டினார். இடி கொஞ்சம் யோசித்து, "வலியெல்லாம் இல்லையாம்" என்றார். அந்த யோசனை அவளுக்குப் பிடிக்கவில்லை. அத்தனை நேரம் ஆட்டினதற்கு இவ்வளவுதான் அர்த்தமா? பாதியை மென்று முழுங்கிவிட்டாரா?

படுத்திருந்தவருக்கு ஷெட்டில் பாட்டுக்காரர் என்று பெயர். அவர் ஒரு பாட்டுப் பாடி அவள் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் பாடச் சொல்லியிருக்கிறாள். "தறி ஓடினாத்தான் பாட்டு வரும்" என்று சொல்லிவிட்டார். அவளும் ஒருநாள் கேட்டுவிடலாம் என்று இருந்துவிட்டாள். இப்போது கேட்க முடியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்காக வருத்தப்படுவதா, அடுத்த வேளை சூப்புக்கு அடுப்பு மூட்டுவதா? எந்த நினைப்பையும் முழுசாக நினைத்து முடிக்க முடியாமல் அந்த வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

"போய்ப் படுடி. கண்ணைக் கண்ணாடியில பாத்தியா? ஆந்தை மாதிரி இருக்கு" என்று மேல் வீட்டு அக்கா உள்ளறைக்குத் தள்ளுவாள். படுத்தால் தூக்கம் வராது. ட்ரிங் என்று கேட்கும். எழுந்து ஓடுவாள். வந்திருக்கும் யாராவது மணியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த மணியை ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும். "நல்லாத்தான் கேக்குது" என்று திருப்தியோடு தலையாட்டுவார்கள். பாதி உயிர் போய்த் திரும்பி வந்து படுப்பாள். கொஞ்ச நாளில் எழுந்து ஓடுவது நின்றது. அதான் ஆள் இருக்கிறார்களே.

அந்தக் காலையில் மழை கொஞ்சம் விட்டது. மேகத்துக்கு நடுவில் வெயில் எட்டிப் பார்த்ததும் தெருவிலுள்ள அத்தனை பேரும் ஈரத்துணியோடு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அவளும் ஒரு கூடைத் துணியோடு ஏறினாள். கீழே இடியின் ஷிப்ட். ஜன்னலோர மேஜையில் சூப் பாத்திரத்தை வைத்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி வடிகட்டிக்கொண்டிருந்தார். தறிக்காரனுக்கு முன்னால் ஒரு தறி, முதுகுக்குப் பின்னால் ஒரு தறி. ஒன்றைப் பார்த்துக்கொண்டே அப்பப்போ திரும்பி இன்னொன்றையும் பார்க்கிற கழுத்து அவருடையது. நம்பி விட்டுவிட்டுப் போகலாம்.

பாதித் துணி காயப்போட்டிருப்பாள். ட்ரிங் என்று கீழிருந்து கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள், அமுக்கிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். மறுபடியும் ட்ரிங், ட்ரிங். இடி அண்ணன் இருக்கிறாரே. போர்வையின் நுனியைப் பிழிந்தாள். ட்ரிங்ட்ரிங்ட்ரிங் என்று விடாமல் அடித்தது. "என்னடி, உன் வீட்டுக்காரரு ரேஸ் விடறாரா?" என்று அக்கா கொடியின் அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

பிறகு மணி நின்றது.

நின்ற விதம் சரியில்லை. அடிக்கிறவன் அடித்து முடித்து நிறுத்துவது ஒன்று. இது நடுவில் விட்டுப்போன மாதிரி இருந்தது. போர்வை ஈரத்தரையில் விழ, அவள் படியில் இறங்கினாளா விழுந்தாளா என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை.

இடி ஜன்னலோரத்தில் அப்படியே நின்றிருந்தார். வடிகட்டும் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதிலிருந்த ஒரு பிசகான நூலை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கட்டிலில் இருந்தவரின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. கண் மேலே போயிருந்தது. கை மணியிலிருந்து வழுக்கித் தொங்கியது.

எந்தப் பக்கம் திருகுவது என்று அவள் யோசிக்கவில்லை. கை திருகியது. உள்குழாய் கழன்று வந்தது. அதன் வாயில் பசை மாதிரி சளி காய்ந்து அடைத்திருந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் துளை காற்றை இழுத்த சத்தம் இருக்கிறதே, அவ்வளவு அசிங்கமான, அவ்வளவு நல்ல சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

இடி அப்போதுதான் திரும்பினார். "ஐயோ, என்ன தங்கச்சி? என்ன ஆச்சு?"

"மணி அடிச்சது கேக்கலையா அண்ணே?"

"மணியா? அடிக்கவே இல்லியே!"

"மாடியில எனக்குக் கேட்டுது."

"சத்தியமா அடிக்கல தங்கச்சி. அடிச்சிருந்தா நான் நிப்பேனா? என்னை என்னன்னு நினைச்சே?"

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் அவள் கேட்டது என்ன? அக்காவும் கேட்டாளே. குழாயைக் கழுவி மாட்டி, படுத்திருந்தவர் முகத்துக்கு நிறம் திரும்பும்வரை பக்கத்தில் இருந்தாள். இடி தரையில் சரிந்து, கட்டிலுக்கு முதுகு சாய்த்து, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டார். அவர் பிடரியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, அவர் தலைக்கு ஒரு சாண் பின்னாலிருந்த மணியை அமுக்கினாள்.

ட்ரிங்.

இடி அசையவில்லை.

இன்னொரு தடவை, பலமாக. படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். இடி மூக்கை உறிஞ்சித் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மத்தியானம் மேஸ்திரி வந்தார். முகத்துக்கு நேராகப் பேசியபோது எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். திரும்பிச் சட்டையை ஆணியில் மாட்டும்போது அவள் மணியை அடித்தாள். அவரும் திரும்பவில்லை. மாட்டிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மேல் வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க யாருக்குமே காது கேக்காதா?" என்று அவள் மேஸ்திரியின் முன்னால் வந்து நின்று கேட்டாள்.

மேஸ்திரி இடியைப் பார்த்தார். இடி தரையைப் பார்த்தார்.

"கேக்கும்மா. கேக்காம என்ன? தடதடன்னு பெரிய சத்தம்னா கேக்கும். இந்த மாதிரி சன்னமா, ஊசி மாதிரி வர்றதுதான்..." மேஸ்திரி இழுத்தார். "அது போய் ரொம்ப நாளாச்சு. ஷெட்டுக்குள்ள காது எதுக்கும்மா? கண்ணு இருந்தாப் போதும். அதனால யாரும் அதைப் பெரிசா நினைக்கறதில்ல. மணியை அமுக்கிப் பாத்தப்பகூட விரல்ல அதிர்ந்ததைத்தான் கேக்குதுன்னு சொல்லிட்டோம். காது கேக்கற தூரத்துல இருக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க. நாங்க தூரத்தைத்தான் பாத்தோம்."

"போங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எல்லாரும் போங்க. இனி யாரும் வர வேணாம். பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

போனார்கள். போகும்போது இடி கதவைச் சாத்தினது எவ்வளவு மெதுவாக என்றால், அவருக்கு அந்தச் சத்தமும் கேட்காது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

வீடு காலியானது. அதுதான் வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். காலியான பிறகு அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் திகைத்தாள். குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக் குளித்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் மணி அடித்தால்? பாதியில் நிறுத்தி, ஈரத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தால் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண் அசந்தால் கனவில் ட்ரிங் கேட்டு எழுந்தாள். அடித்தாரா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினார். நிஜமாக அடித்தபோது கனவு என்று ஒரு நிமிஷம் படுத்திருந்தாள். தெருக்காரர்கள் மேல் கோபமா, நன்றியா? தன் மேலா? அவர்களுக்காவது காது இல்லை. காது இருந்தவள் மாடியில் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாளே, அதற்கு என்ன பெயர்?

அவர் கதவைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார். விரலை ஆட்டி என்னவோ சொன்னார்.

"எனக்குப் புரியலீங்க" என்றாள். "உங்க ஆளுங்களைத்தான் விரட்டிட்டேனே. இப்ப யாரைக் கேப்பேன்?"

அவர் வேறு விதமாக ஆட்டினார். அதுவும் புரியவில்லை. கடைசியில் கையைக் காதுகிட்டே கொண்டுபோய், இல்லை என்று விரித்து, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் கேட்காது என்கிறாரா? அவர்கள் மேல் தப்பில்லை என்கிறாரா? நெஞ்சு வலிக்கிறது என்கிறாரா? அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் மணியை அமுக்கினார். அழுகையை நிறுத்துவதற்கு அவரிடம் வேறு என்ன இருந்தது?

மறுநாள் இடி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மழை அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. கையில் ஒரு பந்து. தறியில் துணி ஓடும்போது ஓரத்தில் வெட்டுப்பட்டு விழுகிற கரைக்கயிறு அது. ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

"திட்டறதுன்னா முன்னால வந்து திட்டு தங்கச்சி, அப்பத்தான் தெரியும்" என்றார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். காதுதான் போச்சு. கை போகலை. ஓடற தறியில நூறு நூலுக்கு நடுவுல ஒண்ணு இறுகினா, கையை வெச்சதும் சொல்லிடுவேன். இதோட ஒரு முனையை அவன் கையில கட்டு. இன்னொரு முனை உக்காந்திருக்கறவன் கையில. முதுகைக் காட்டினாலும் சரி, தூங்கினாலும் சரி, இழுத்தாத் தெரியாம போகுமா?"

பின்னாலிருந்து ட்ரிங் என்றது. திரும்பினால் அவர் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

அப்படித்தான் மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஷிப்ட் மாறும்போது தோளைத் தொடுவதோடு, கையிலிருந்த கயிறும் கை மாறியது. யார் கையில் கயிறு இருக்கிறதோ அவர் எழுந்து போகக் கூடாது. மேஸ்திரி ஒரு தடவை மறந்து கயிற்றோடு வாசல்வரை போக, படுத்திருந்தவர் கை கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பூசணிக்காய்கள் வற்றி, சுரைக்காய் வரத் தொடங்கியது. வடிகட்டும் துணியில் ஒருமாதிரி சமாதானம் ஆனது.

ஒரு மத்தியானம் கயிறு அவள் கையில். அடுப்படியில் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் இழுத்தது. போய்ப் பார்த்தாள். கழுத்துத் துணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தார். "என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். திரும்பி வந்து கத்தியை எடுத்தாள். மறுபடி இழுத்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். ஓடினாள். ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விளையாடறீங்களா? எனக்கு உயிர் போகுது இங்க."

தன் ஷிப்டுக்கு வந்த இடி வாசலில் குடையை மடக்கிக்கொண்டே படுத்திருந்தவர் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் இடியின் முகம் விரிந்தது.

"தங்கச்சி, அவன் உன்னைக் கூப்பிடல. பாடறான்."

அவள் கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கயிறு கட்டிய கை, கட்டில் சட்டத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பாட்டு அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? ஷெட்டுலயும் இப்படித்தான். வாய் அசையும், கை தறிச் சட்டத்துல தட்டும். நாங்க அதைப் பாத்துப் பேரு வெச்சோம். பாட்டை எவன் கேட்டான்?"

"இது பாடறதா, கூப்பிடறதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இடி கொஞ்சம் யோசித்தார். இந்தத் தடவை எதையும் முழுங்குகிற மாதிரி தெரியவில்லை. "எனக்கும் தெரியல தங்கச்சி" என்றார்.

கயிற்றை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. சுரைக்காயை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நறுக்கினாள். மணிக்கட்டில் இழுப்பு வந்துகொண்டே இருந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு இடைவெளி, பிறகு அவளுக்குப் பிடிபடாத ஏதோ ஒரு சுற்று.

தொண்டைப் புண் ஆறியது. மூக்குக் குழாயை எடுத்தார்கள். கஞ்சி குடித்தார், வாசல்வரை நடந்தார். ஆனால் கட்டி வேறு எங்கோ போய் உட்கார்ந்திருந்தது. அடுத்த மழைக்கு அவர் இல்லை. அதே ஆட்கள் வந்தார்கள், அதே பாத்திரங்களோடு. அந்தத் தடவை உப்பு ஜாடி எங்கே என்று அவளிடம்தான் கேட்டார்கள்.

அவள் மடிப்புப் பிரிவுக்குத் திரும்பிவிட்டாள். அங்கே யாராவது பாடிக்கொண்டே இருப்பார்கள், இல்லாவிட்டால் ரேடியோ பாடும். துணியை நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. சில பாட்டு தொடங்கும்போது அவள் கை நிற்கும். மேஜை விளிம்பில் விரல் தட்டிப் பார்க்கும். இரண்டு குட்டை, ஒரு நீளம். பக்கத்தில் இருப்பவள், "என்னக்கா?" என்பாள்.

"ஒண்ணுமில்ல. இது இல்ல" என்று சொல்லி, அடுத்த துணியை எடுப்பாள்.